ஈறும் விரலும் நூற்று முப்பத்து மூன்று நாளும்

போன மாதம் நிவேதா போன் செய்தபோது நான் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பதினேழு படி. பதினோராவது படியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு பேசினேன். போன் பேசிக்கொண்டே படியிறங்கி விழுந்தவர்கள் எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு பேர்.

பாலக்கரைப் பக்கம் நான் வேலை பார்த்த பல் மருத்துவமனையில் என் இடத்தில் இப்போது இருப்பவர் நிவேதா. ஹைஜீனிஸ்ட் என்று பதவிப் பெயர். பல்லைப் பிடுங்குவதும் அடைப்பதும் மருத்துவர்கள் வேலை. ஈறை அளப்பது, பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது, சுத்தம் செய்வது எங்கள் வேலை. நோயாளிகளுக்கு நாங்கள் ‘பல் கிளீன் பண்றவங்க’, அவ்வளவுதான். முப்பத்தொரு ஆண்டு நான்கு மாதம் நான் அதைச் செய்தேன்.

நோயாளிகளிடம் கேள்வி கேட்டு நிரப்புகிற தாளைப் புதிதாக அச்சடித்திருக்கிறார்களாம். அதில் ஒரு வரி: ‘காலையில் எழுந்ததும் விரல் விறைப்பு உண்டா? எத்தனை நிமிடம்?’ புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், பல்லுக்கு வந்தவரிடம் விரலை எதற்குக் கேட்பது என்று நிவேதாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

“நீங்கதான் இதை ஆரம்பிச்சு வச்சீங்கன்னு மேடம் சொன்னாங்க சார். மீட்டிங்ல படிக்கிற மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்.”

இரண்டு பக்கம் என்றால் எந்த அளவுத் தாளில், எந்த அளவு எழுத்தில் என்று சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் முழுதாகச் சொல்வதில்லை. அதனால் என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன். நான் ஆரம்பித்து வைத்தேன் என்பது உண்மை. கூடவே ஒரு தப்பும் செய்தேன். அச்சடித்த வரியில் அது தெரியாது. அந்த வரியைக் கேட்கப்போகிறவர்களுக்கு அதுவும் தெரிய வேண்டும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு ஆண்டு, பதினெட்டுப் பேர் சேர்ந்தோம், பதினாறு பேர் தேறினோம். வேலையில் சேர்ந்து முதல் பதின்மூன்று ஆண்டு, வருகிற வாய்களைச் சுத்தம் செய்து அனுப்பினேன். ஒரு நாளைக்குப் பதினான்கு பேர் வரை பார்த்திருக்கிறேன். அளப்பது என்பது அப்போது பெயருக்குத்தான். ஒரு பல்லுக்கு ஓர் எண் எழுதுவோம். பதினான்காம் ஆண்டில் ஈறு நோய்ப் பிரிவுக்கு டாக்டர் ஹேமலதா வந்தார். வேலை என்று நான் எதைச் சொல்கிறேனோ அது அன்றைக்குத்தான் தொடங்கியது.

அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. முதல் நாளே என் கையில் ஈறு அளக்கும் கம்பியைக் கொடுத்து, அதன் முனையை என் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வைத்து அழுத்தச் சொன்னார். வலித்தது. “இவ்வளவு அழுத்தினா நோயாளிக்கும் வலிக்கும், அளவும் தப்பா வரும். வலிக்காம எவ்வளவு அழுத்த முடியுதோ அதுதான் சரி” என்றார். அன்று மாலை வரை நகத்தில் அழுத்திப் பழகினேன்.

அந்தக் கம்பியில் மில்லிமீட்டர் கோடுகள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. நான்குக்கும் ஆறுக்கும் கோடு கிடையாது. கோடுகள் நெருக்கமாக இருந்தால் கண் குழம்பும் என்பதால் விட்டிருக்கிறார்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கிற சந்தில் அதை மெல்ல இறக்க வேண்டும். இரண்டு, மூன்று வரை இறங்கினால் நல்ல ஈறு. நான்கும் அதற்கு மேலும் இறங்கினால் அங்கே பை விழுந்திருக்கிறது, உள்ளே கிருமி குடியிருக்கிறது என்று பொருள். ஒரு பல்லுக்குக் கன்னப் பக்கம் மூன்று இடம், நாக்குப் பக்கம் மூன்று இடம். ஞானப்பல் நீங்கலாக இருபத்தெட்டுப் பல்லுக்கு நூற்று அறுபத்தெட்டு அளவு. அளந்த இடத்தில் சில விநாடி கழித்து ரத்தம் வருகிறதா என்று திரும்பி வந்து பார்த்து அதையும் குறிக்க வேண்டும்.

நான் அளந்து முடித்ததும் டாக்டர் வருவார். என் தாளைப் பார்க்க மாட்டார். தானாகப் பத்து இடம் தேர்ந்தெடுத்து அளப்பார். பிறகு என்னிடம், “இங்க எத்தனை?” என்பார். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மொத்தத் தாளையும் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். நான் நூற்று அறுபத்தெட்டையும் மறுபடி அளக்க வேண்டும். முதல் ஆண்டில் இப்படி இருபத்து மூன்று தாள் போயின. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பிறவியிலேயே எண்ணுகிற புத்தி உள்ளவனுக்கு இதைவிட நல்ல வேலை அமையாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஒரு முறை பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். பல் ஆடுகிறது என்றார். அளந்தேன். ரத்தம் வந்த இடங்கள் நான்கே நான்கு. ஈறு நன்றாக இருக்கிறது என்கிற நினைப்பிலேயே மற்ற அளவுகளையும் மேலோட்டமாக எடுத்துவிட்டேன். டாக்டர் அளந்தார். கடைவாயில் ஏழு, எட்டு என்று இறங்கியது. “பீடி எத்தனை?” என்று அவரிடம் கேட்டார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு என்றார் ஃபிட்டர். புகை பிடிப்பவர்களின் ஈறு உள்ளே அழுகினாலும் வெளியே ரத்தம் காட்டாது. ரத்தத்தை மட்டும் எண்ணினால் நல்ல ஈறு என்றுதான் தோன்றும். எண்ணிக்கை சரியாக இருந்தும் முடிவு தப்பாகலாம் என்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். பார்த்தேனே தவிர, மனதில் தங்கவில்லை.

இனி விரலுக்கு வருகிறேன்.

சுத்தம் செய்யும்போது நடுநடுவே வாய் கொப்பளிக்கப் பேப்பர் கப்பில் தண்ணீர் கொடுப்போம். எல்லோரும் அதை இரண்டு விரலால் எடுப்பார்கள். ஒரு நாள் ஓர் அம்மாள் இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தி எடுத்தார். குளிர்கிறதோ என்று ஏசியைக் குறைத்தேன். இரண்டு மாதம் கழித்து இன்னொருவர் அதேபோல் எடுத்தார். இருவருக்கும் ஈறு மிக மோசம். இருவருக்கும் முடக்குவாதம். மழைக்கு நோகிற வயதான மூட்டு அல்ல, உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிற நோய். மூன்றாமவர் வந்ததும் ஒரு நோட்டுப் போட்டுக் குறிக்க ஆரம்பித்தேன்.

டாக்டரிடம் சொன்னேன். “மூணு பேரு ஒரு கணக்கே இல்ல, மூர்த்தி சார். விரல் வலிக்கிறவங்களால பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. பிரஷ் பிடிக்கலைன்னா ஈறு கெடும். அப்படியும் இருக்கலாம் இல்லையா?” என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் மறுநாள் மேசையில் சில ஆராய்ச்சிக் கட்டுரைகளின் நகல்கள் இருந்தன. மொத்தம் நாற்பத்தாறு பக்கம். அகராதி வைத்துக்கொண்டு ஒன்பது நாளில் படித்தேன்.

அதில் எனக்குப் புரிந்தது இதுதான். காற்றுப் படாத ஈறுப் பைக்குள் வாழ்கிற கிருமிகளில் ஒன்று, தன்னிடமுள்ள ஒரு நொதியால் நம் உடம்பின் புரதத்தை லேசாக மாற்றிவிடுகிறது. இன்னொரு கிருமி, நம் வெள்ளை அணுக்களையே தூண்டிவிட்டு அதே மாற்றத்தைச் செய்ய வைக்கிறது. மாறிப்போன புரதத்தை உடம்புக்கு அடையாளம் தெரியவில்லை. எதிரி என்று எண்ணி அதற்கு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. முடக்குவாதத்துக்கு இன்று ரத்தத்தில் தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான். அது பலருக்கு, மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் வந்துவிடுகிறது.

இதைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். விரலில் ஒன்றுமே இல்லாத காலத்தில் அந்த எதிர்ப்பொருள் எங்கே உண்டானது? நுரையீரலிலா, குடலிலா, இல்லை நான் தினமும் கம்பி விட்டு அளக்கிற இந்தச் சந்திலா? கட்டுரை எழுதியவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. பரம்பரையும் உண்டு, புகையும் உண்டு என்று பல காரணம் சொல்லியிருந்தார்கள். ஈறைச் சரிசெய்தால் மூட்டு குறையுமா என்பதற்குச் சிலர் கொஞ்சம் குறைகிறது என்கிறார்கள், சிலர் வித்தியாசமே இல்லை என்கிறார்கள். எனக்கு அந்தச் ‘சிலர் குறைகிறது என்கிறார்கள்’ மட்டும் மனதில் நின்றது. நான் எழுதுவதில் இந்த வரியை நிவேதா இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டும்.

நோட்டில் ஏழாவது பெயர் பிரேமா. உண்மைப் பெயர் அல்ல. எழுதுவதற்கு அவரிடம் கேட்டுக்கொண்டேன், பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்.

அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் ஒன்பது பிள்ளைகளை இரண்டு நடையாகப் பள்ளியில் விடுவார். பகலில் கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றுவார். கணவர் கல்யாணச் சமையலுக்கு வெளியூர் போய்விடுவார், இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். கீழ்வரிசை முன்பல் ஆடுகிறது, பிடுங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

இருபத்தாறு பல், நூற்று ஐம்பத்தாறு அளவு. ரத்தம் வந்த இடம் தொண்ணூற்று நான்கு. நான்கும் அதற்கு மேலும் ஆழமுள்ள பை அறுபத்தொன்று. பீடி, புகையிலை, வெற்றிலை எதுவும் இல்லை. தண்ணீர் கொடுத்தேன். இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தினார்.

கை வலிக்கிறதா என்று கேட்டேன். “ஆட்டோ ஓட்டுறேன்ல சார், இடது கைதான் கிளட்ச். பிடிச்சுப் பிடிச்சு வீங்கிக்குது” என்றார். அவர் ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்களாம். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். இடது கையில் விரல்களின் நடு முட்டிகள் மூன்று வீங்கியிருந்தன. வலது கையில் இரண்டு. வலது கையில் கிளட்ச் கிடையாது, ஆக்சிலேட்டர் திருகுவது மட்டும்தான். காலையில் எப்படி இருக்கும் என்றேன். கை மடங்காது என்றார். முன்பு ஐந்தரைக்கு எழுந்தவர், கை இளகி வருவதற்காகவே நாலரைக்கு எழுந்து வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து மாதமாக இப்படி.

டாக்டர் ஹேமலதா ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தது. மூட்டு நோய் மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவரும் ஆரம்ப நிலை முடக்குவாதம்தான் என்று உறுதி செய்து, இரண்டு கைகளையும் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் இன்னும் அரிப்பு இல்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை அது.

எனக்கு இன்னொரு புதையலும் கிடைத்தது. நான்கு ஆண்டுக்கு முன் ஞானப்பல் எடுக்கும்போது பிடித்த தாடை எக்ஸ்ரேவைப் பிரேமா பத்திரமாக வைத்திருந்தார். கொண்டுவரச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பல்லைத் தாங்குகிற எலும்பு அப்போதே கரைந்திருந்தது. விரல் வலி வந்தது ஐந்து மாதம் முன்பு. ஈறு கெட்டது அதற்குக் குறைந்தது மூன்றரை ஆண்டு முன்பு. பிரஷ் பிடிக்க முடியாததால் ஈறு கெட்டது என்கிற பேச்சு இவரிடம் செல்லாது. டாக்டரிடம் காட்டினேன். “இவங்களுக்கு ஈறு முதல்ல. சரி. முதல்ல வந்ததுதான் காரணம்னு எப்படிச் சொல்லுவீங்க?” என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. ஒரு வாரம் தூக்கம் சரியாக இல்லாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தேன்.

ஈறைச் சுத்தம் செய்ய நான்கு முறை வரச் சொல்வோம், ஒவ்வொரு முறை வாயில் கால் பாகம். இரண்டாவது முறை வந்தபோது பிரேமா சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். மாத்திரை வாங்கிவிட்டாராம். ஸ்டாண்டில் ஒருவர் போனில் பார்த்து, அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து என்று சொல்லிவிட்டாராம். முடி கொட்டும், ஈரல் கெடும் என்று வேறு. புற்றுநோய்க்குக் கொடுப்பது மிகப் பெரிய அளவு, இது மிகச் சிறிய அளவு, மாதாமாதம் ரத்தம் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. சொன்னது இதுதான்:

“கவலைப்படாதீங்கம்மா. இதுக்கெல்லாம் வேரே இந்த ஈறுலதான் இருக்கு. ஈறு சரியாச்சுன்னா கையும் தன்னால சரியாகிடும்.”

‘இருக்கலாம்’ என்று சொல்லவில்லை. ‘இருக்கு’ என்று சொன்னேன். பதினாறு ஆண்டாக ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தப்பினால் தாளைக் குப்பையில் போட்ட ஒருவரிடம் வேலை பார்த்தவன், அளந்தே பார்க்காத ஒன்றை அளந்தவன் மாதிரி சொன்னேன். வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடக்கிற மனிதரால் மறு கேள்வி கேட்க முடியாது. எங்கள் வேலையில் இருக்கிற வசதியும் ஆபத்தும் அதுதான். நாம் சொல்வதை அவர்கள் அப்படியே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான்கு முறையும் தவறாமல் வந்தார். இரண்டு வேளையும் பல் தேய்த்தார், பல்லிடுக்குப் பிரஷ்ஷும் வாங்கினார். ஆறு வாரம் கழித்து அளந்தபோது ரத்தம் தொண்ணூற்று நான்கிலிருந்து முப்பத்தெட்டுக்கு வந்திருந்தது. கை தேவலையா என்றேன். “தேவலை சார்” என்றார். நோட்டில் அப்படியே குறித்தேன். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டதால் எண்ணைக் கேட்கத் தோன்றவில்லை. அக்கறையாகக் கேட்கிற மனிதரிடம் ‘இல்லை, அப்படியேதான் இருக்கு’ என்று முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்?

அடுத்த பரிசோதனைக்கு வந்தார். அளந்தேன். ரத்தம் பத்தொன்பது. ஆழமான பை இருபத்திரண்டு. ஆடிய முன்பல் நின்றுவிட்டது. டாக்டரும் பத்து இடம் அளந்தார், பத்தும் சரியாக இருந்தது. அவர் அடுத்த அறைக்குப் போன பிறகு தண்ணீர் கொடுத்தேன். பிரேமா கப்பை உள்ளங்கையால்கூட ஏந்தவில்லை. மணிக்கட்டு இரண்டையும் சேர்த்து அதற்கு நடுவில் வைத்துத் தூக்கினார்.

எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நாலு மணி. கிளட்ச் பிடிக்க எப்போது வருகிறது? ஏழே கால், சில நாள் ஏழரை. முதல் நடைப் பிள்ளைகள் ஐந்து பேரை அவர்கள் வீட்டில் வேறு ஆட்டோவுக்கு மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர், நாலு பிள்ளைகள் மிச்சம் என்று நிறுத்தினார்.

அந்த மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் கிழமையைக் கேட்டவுடன் சொல்லிவிடுவார்.

“மாத்திரை எந்தக் கிழமை சாப்பிடுறீங்க?”

பிரேமா என்னைப் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார்.

“சாப்பிடலை சார்.”

“என்னைக்கிலிருந்து?”

“சாப்பிடவே இல்ல. நீங்கதான சொன்னீங்க, ஈறு சரியானா கை தன்னால சரியாகும்னு. பாதி சரியாயிருக்கு, மீதியும் ஆயிடும்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்.” குறையாகச் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார். “மாத்திரை பயமா இருந்துச்சு. நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு. எது நல்லா இருக்கோ அதைத்தானே சார் மனசு எடுத்துக்கும்.”

அவர் கையில் இருந்த கப்பை நான் வாங்கி வைத்தேன். நான் சொன்னது தப்பு, ஈறு வேறு மருந்து வேறு, இரண்டும் வேண்டும், இன்றைக்கே அந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். பிரேமா, “விடுங்க சார், நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க” என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு டாக்டர் ஹேமலதாவின் அறைக்குப் போனேன். பதினாறு ஆண்டில் அந்தக் கதவைத் தட்டத் தயங்கியது அன்று ஒரு நாள்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை.

“எத்தனை நாள்?”

“நூத்து முப்பத்து மூணு, மேடம்.”

போனை எடுத்து மூட்டு மருத்துவரிடம் அவரே பேசி, அன்று மாலைக்கே நேரம் வாங்கினார். பிறகு பிரேமாவின் ஃபைலை என் பக்கம் தள்ளினார். நான் என்ன சொன்னேன், அதனால் எத்தனை நாள் மருந்து நின்றது என்பதை என் கையெழுத்திலேயே எழுதச் சொன்னார். நான்கு வரி எழுதினேன். படித்துப் பார்த்தார்.

“நீங்க நினைக்கிறது தப்புன்னு நான் சொல்லல, மூர்த்தி சார். நாளைக்கே அது சரின்னு வந்தாலும் வரும். தெரியாததை ஏன் தெரிஞ்ச மாதிரி சொன்னீங்க?”

கேட்டுவிட்டு ஃபைலை மூடி வைத்தார். அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

அன்று மாலை நான் பிரேமாவோடு போனேன். அவர் ஆட்டோவிலேயே போகலாம் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் போனோம். புதிதாகப் படம் எடுத்தார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூட்டு மருத்துவர் காட்டினார். இடது ஆள்காட்டி விரலின் நடு முட்டியில், எலும்பின் ஓரம் எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். பழைய படத்தில் அது இல்லை. மருந்து சாப்பிட்டிருந்தால் வந்திருக்காதா என்று கேட்டேன். சிலருக்கு மருந்து சாப்பிட்டும் வரும், இவருக்கு எப்படி என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். ஏதாவது ஒரு பக்கமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிரேமா ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். அன்று பள்ளி கிடையாது, வயிற்றைப் புரட்டினாலும் படுத்துக்கொள்ளலாம். பதினோரு ஞாயிறு கழித்து ஐந்தே காலுக்கு எழுந்தால் போதும் என்கிற நிலைக்கு வந்தார். விட்டுப்போன ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

அப்போது அவர் என்னிடம் கேட்டார்: “இப்ப நல்லாயிருக்கிறது மாத்திரையாலயா சார், ஈறாலயா?” எனக்கு உண்மையிலேயே அந்தக் கேள்விதான் பிடித்த கேள்வி. ஈறு சுத்தமான பிறகு மருந்து தொடங்கியதால் மருந்து நன்றாக வேலை செய்ததா? ஈறை விட்டுவிட்டு மருந்து மட்டும் கொடுத்திருந்தால் பதினோரு வாரம் இருபது வாரம் ஆகியிருக்குமா? மருந்து இல்லாத நூற்று முப்பத்து மூன்று நாளில் ஈறு மட்டும் சரியாகிக் கை கெட்டுக்கொண்டே போனதே, அது என் எண்ணத்துக்கு எதிர்சாட்சியா, இல்லை நெருப்பு பற்றிய பிறகு தீக்குச்சியை அணைத்த கதையா? இவ்வளவும் நாக்கு வரை வந்தது. “தெரியாதும்மா” என்று மட்டும் சொன்னேன். “தெரிஞ்சா சொல்லுங்க” என்றார்.

அதன் பிறகு வேலையில் இருந்த மிச்ச நாளெல்லாம் ஈறு மோசமான எல்லோரிடமும் விரலைக் கேட்டேன். ‘வலிக்குதா’ என்று கேட்பதில்லை. ‘எத்தனை நிமிஷம்’ என்று கேட்பேன். அரை மணிக்கு மேல் சொன்னால் டாக்டரிடம் அனுப்புவேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நோட்டில் கடைசிப் பெயர் நாற்பத்தொன்று. ஈறு முன்னா கை முன்னா என்று தெரிந்தவர்கள் ஒன்பது பேர்தான். இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். ஒன்பது பேர் ஒரு கணக்கே இல்லை என்று எனக்கே தெரியும். நோட்டை நிவேதாவிடம் கொடுத்திருக்கிறேன். அவராவது பெரிய கணக்காக ஆக்கட்டும்.

இதை எழுத அனுமதி கேட்கப் போன வாரம் ஸ்ரீரங்கம் போனேன். வெயில், கூட்டம், ராஜகோபுரத்துப் பக்கம் நடக்கவே இடமில்லை. பிரேமா ஸ்டாண்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “பெயரைப் போடாதீங்க, மத்ததை எழுதுங்க. அந்த ஸ்டாண்டுக்காரர் போன்ல பார்த்ததையும் எழுதுங்க, இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காரு” என்று சிரித்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுகிறேன் என்று ஏறச் சொன்னார்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. நகர்ந்து நின்று, நகர்ந்து நின்றுதான் போக முடிந்தது. பின் இருக்கையிலிருந்து அவருடைய இடது கை நன்றாகத் தெரிந்தது. கிளட்சை நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் பிடித்தன. ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு, முன்னால் நின்ற பஸ்ஸைக் காட்டிக்கொண்டிருந்தது.

வலிக்கிறதா என்று கேட்டேன்.

“வலியெல்லாம் இல்ல சார். மடங்காது, அவ்வளவுதான்” என்றார். “கிளட்சுக்கு மூணு விரல் போதும்.”

பாலம் முடிகிற வரை அவர் கிளட்சை அறுபத்து நான்கு முறை பிடித்தார். அந்த விரல் ஒரு முறையும் மடங்கவில்லை.